சாலையில் காயும் அறுவடை

2025 அக்டோபர் 16ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. காவிரி டெல்டாவின் குறுவை நெல் அப்போது மூன்று இடங்களில் கிடந்தது. கொஞ்சம் அறுக்காமல் வயலில் நின்றது. கொஞ்சம் அறுத்துக் கொட்டிய குவியலாகச் சாலையோரம் இருந்தது. மீதி மூட்டை பிடித்தும் லாரி வராமல் கொள்முதல் நிலைய வாசலில் அடுக்கிக் கிடந்தது. அடுத்தடுத்த நாட்களின் மழையில் மூன்றும் நனைந்தன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எங்கே தார்ப்பாயை விலக்கினாலும், குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருந்தது. அமைச்சர்கள் வந்தார்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் வந்தார்கள், ஈரப்பதத்தை அளக்க மத்தியக் குழுவினர் வந்தார்கள்.

அது காவிரிக்கு நல்ல ஆண்டு என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியே திறக்கப்பட்டது. ஜூன் மாதம் முடிவதற்குள் நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டுவிட்டது. டெல்டாவில் குறுவை 6 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 2023இல், இதே ஜூன் 12இல் திறந்த அணையை அக்டோபர் 10ஆம் தேதியே தண்ணீர் இல்லாமல் மூடினார்கள்; குறுவை பல இடங்களில் கருகியது. 2024இல் அணை ஜூலை 28இல்தான் திறந்தது. இரண்டு ஆண்டு தண்ணீருக்காகத் தவித்த மண்ணில் மூன்றாம் ஆண்டு தண்ணீரும் வந்தது, விளைச்சலும் வந்தது. விளைந்ததை வைத்துக் காப்பாற்ற இடம்தான் இல்லை.

டெல்டாவுக்கு மேற்கே பெரம்பலூரின் கரிசல் காட்டில் அதே நாட்களில் மக்காச்சோளம் வளர்ந்துகொண்டிருந்தது. புரட்டாசி மழையை நம்பி விதைத்த பயிர். தை, மாசியில் கதிர் ஒடிப்பார்கள். ஒடித்து, மிஷினில் அடித்து, அந்த மணியையும் கொண்டுவந்து பரப்புவது தார்ச்சாலையில்தான். ஒரு பயிருக்கு அரசே நேரடியாகப் பணம் கொடுக்கிறது. இன்னொன்றை வியாபாரி வந்து விலை பேசி அள்ளிக்கொண்டு போகிறார். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அறுவடைக்குப் பிந்தைய பத்து நாள். அந்தப் பத்து நாளில் மணி காய வேண்டும். காய வைக்க இடமும் கருவியும் இல்லாததால், நான்கு மாத உழைப்பு அந்தப் பத்து நாளில் கரைகிறது. தமிழ்நாட்டின் நெல்லையும் மக்காச்சோளத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரியும் முதல் பிரச்சினை இதுதான். விதை, உரம், பாசனம் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

17 என்ற எண்

டெல்டா விவசாயியின் வாழ்க்கையில் 17 என்ற எண்ணுக்கு இருக்கும் அதிகாரம் வேறு எதற்கும் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க வேண்டுமென்றால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குவியலில் இருந்து ஒரு பிடி எடுத்து ஈரப்பதமானியில் போட்டு அழுத்துகிறார்கள். சில நொடியில் எண் தெரிகிறது. 17 என்றால் தூற்றும் இயந்திரத்துக்குப் போகலாம். 21 என்றால் திரும்பக் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும். ஐப்பசி மாதத்தில், வானம் மூடிக் கிடக்கும்போது, எங்கே பரப்புவது? சாலையில் பரப்பினால் லாரி ஏறும். பள்ளிக்கூட மைதானத்தில் பரப்பினால் மாலை மழைக்கு வாரிக் கட்ட ஆள் கிடைக்காது. இரண்டு நாள் காய்ந்து 18க்கு வந்த நெல், மூன்றாம் நாள் தூறலில் மறுபடி 22க்குப் போகும்.

இந்த ஈரத்துக்கு விலை உண்டு. 22 சதவீத ஈரமுள்ள ஒரு குவிண்டால் நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் எடை ஏறக்குறைய 94 கிலோவாகிவிடும். அதாவது குவிண்டாலுக்கு 6 கிலோ குறையும். 2025 செப்டம்பர் 1 முதல் சன்ன ரக நெல்லுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகை 156 ரூபாயும் சேர்த்துக் கிடைத்த விலை 2,545 ரூபாய். பொது ரகத்துக்கு 131 ரூபாய் ஊக்கத்தொகையுடன் 2,500 ரூபாய். சன்ன ரகத்தில் அந்த 6 கிலோவின் மதிப்பு 150 ரூபாய்க்கு மேல். ஈர நெல்லை அரசு வாங்கத் தயங்குவதன் பின்னால் இருக்கும் கணக்கும் இதுதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. 2025இல் 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது. முந்தைய ஆண்டுகளிலும் இதே கோரிக்கை, இதே கடிதம், இதே மத்தியக் குழு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் எதிர்பாராத மழையில் சம்பா சாய்ந்தபோதும் இதே காட்சிகளைப் பார்த்தோம்.

நெல் இவ்வளவு ஈரமாக வருவது ஏன்? முன்பு ஆள் வைத்து அறுத்த காலத்தில் அரிந்த தாளை அரி அரியாக வயலிலேயே போட்டுவிடுவார்கள். ஓரிரு நாள் வெயிலில் அது தானாகக் காயும். பிறகு கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, போர் போட்டு, மறுபடி மாடு விட்டு மிதிப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஈரம் போகும். இப்போது செயின் வண்டி எனப்படும் அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் அறுத்து, அடித்து, தூற்றி, டிராக்டர் பெட்டியில் நெல்லாகக் கொட்டிவிடுகிறது. கதிரில் இருந்த ஈரம் அப்படியே மணியோடு வருகிறது. ஆள் பஞ்சத்தில் இந்த இயந்திரம் டெல்டாவுக்கு வாழ்வு கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை. மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வந்து நாற்று நடும் நிலைக்கு வந்துவிட்ட ஊர்களில், அரிவாளுக்குத் திரும்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வயலில் நடந்துகொண்டிருந்த காயவைத்தல் என்ற வேலையை இயந்திரம் எடுத்துவிட்டது. அந்த வேலை இப்போது யாருடையது என்று எவரும் முடிவு செய்யவில்லை. விவசாயி தலையிலேயே விழுந்தது.

அடுத்தது வேகம். குறுவையில் ஏக்கருக்கு இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ மூட்டைக் கணக்கில் 60 மூட்டை. ஒரு கொள்முதல் நிலையம் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 மூட்டை பிடித்தால் பெரிய காரியம். அதாவது பதின்மூன்று முதல் பதினேழு ஏக்கரின் நெல். இரண்டு அறுவடை இயந்திரங்கள் ஒரு நாள் முழுக்க ஓடினாலே அந்த நிலையத்தின் ஒரு நாள் திறன் தீர்ந்துவிடுகிறது. ஒரு நிலையத்தை நம்பியிருக்கும் ஊர்களில் ஒரே வாரத்தில் ஓடும் வண்டிகள் எத்தனை என்பதை டெல்டாக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஒரே நாளில் அணை திறக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் நாற்று விடுகிறார்கள். ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஏ.எஸ்.டி. 16, கோ 51 என்று எல்லாமே நூற்றுப் பத்து நாள் பக்கத்தில் வரும் ரகங்கள். புரட்டாசிக் கடைசியில் எல்லா வயலும் ஒன்றாக மஞ்சளாகும். ஆகவே அக்டோபரில் நெரிசல் வரும் என்பது ஜூன் 12ஆம் தேதியே தெரிந்த செய்தி.

பிடித்த மூட்டை கிடங்குக்குப் போக வேண்டும், அங்கிருந்து அரைவை ஆலைக்கு. நடுவில் எங்கே தடங்கல் வந்தாலும் அது பின்னோக்கி வந்து விவசாயியின் குவியலில் முட்டும். 2025இல் அப்படித்தான் ஆனது. ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் செறிவூட்டப்பட்ட அரிசி மணிகளைக் கலக்க வேண்டும். அந்த மணிகளுக்கான ஒப்புதல் தாமதமானதால் ஆலைகளில் அரைவை தேங்கியது என்று மாநில அரசு காரணம் சொன்னது. ஆலை நின்றால் கிடங்கு நிறையும். கிடங்கு நிறைந்தால் லாரி நிற்கும். லாரி நின்றால் சாக்கும் தராசும் இருந்தும் கொள்முதல் இல்லை. செறிவூட்டிய அரிசிக்கான ஒரு கோப்பு எங்கோ தாமதமானதற்கு மன்னார்குடிப் பக்கத்து விவசாயி மழையில் நின்று விலை கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரேஷனுக்குப் போகும் நெல்லில் பெரும்பகுதி புழுங்கல் அரிசியாகிறது. ஆலையில் அந்த நெல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, 30 சதவீதத்துக்கும் மேல் ஈரமேற்றி, பிறகு உலர்த்தியில் காயவைத்துத்தான் அரைக்கிறார்கள். வயலில் இருந்து 22 சதவீதத்தில் வரும் நெல் ஒன்றிரண்டு நாளில் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் கெட்டுப்போகக் காரணமே இல்லை. கெடுவது நடுவில் கிடக்கும்போதுதான். மூட்டைக்குள் ஈரத்தோடு சூடேறி, மணி பழுப்பேறி, முளைவிடுகிறது. 17 என்ற வரம்பு கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கும் நெல்லுக்குத் தேவையானது. நேராக ஆலைக்குப் போகும் நெல்லுக்கு, எடைக் கழிவை நேர்மையாகக் கணக்கிட்டு, வேறு வழியில் வாங்க முடியும். அதற்கு லாரியும் ஆலையும் ஒரே கால அட்டவணையில் இயங்க வேண்டும்.

கரிசல் காட்டின் மஞ்சள் மணி

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர்ப் பக்கம் மார்கழியில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான். ஒரு தலைமுறைக்கு முன் இங்கே கம்பும் சோளமும் வரகும் நிலக்கடலையும் இருந்தன. பருத்தி இன்னும் இருக்கிறது. ஆனால் காய்ப்புழுவும் பருத்தி எடுக்க ஆள் கிடைக்காததும் சேர்ந்து பலரை மக்காச்சோளத்துக்குத் தள்ளின. பெரம்பலூரோடு அரியலூர், சேலத்தின் ஆத்தூர், தலைவாசல், கடலூரின் வேப்பூர், கள்ளக்குறிச்சி, திண்டுக்கல்லின் ஒட்டன்சத்திரம், பழனி, திருப்பூரின் உடுமலை, தெற்கே விருதுநகர், தூத்துக்குடியின் விளாத்திகுளம், எட்டயபுரம், தென்காசியின் சங்கரன்கோவில் என்று இந்தப் பயிர் பரவியிருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தால் ஆற்றுப் பாசனம் எட்டாத தமிழ்நாட்டின் வடிவம் பெரும்பாலும் தெரிந்துவிடும். உடுமலை மட்டும் விலக்கு. அங்கே பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் உண்டு.

ஏன் இந்தப் பயிர்? நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். மக்காச்சோளத்துக்கு 500, 600 போதும். நூறு, நூற்றுப் பத்து நாளில் கைக்கு வரும். விதைக்கும்போதும் களை எடுக்கும்போதும் கதிர் ஒடிக்கும்போதும்தான் ஆள் வேண்டும். வீரிய ஒட்டு விதைகள் வந்தபின் விளைச்சலும் ஏறியது. ஹெக்டேருக்கு இந்தியச் சராசரி எவ்வளவோ, அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு தமிழ்நாட்டில் எடுக்கிறார்கள். பழனி அருகே வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோ வரிசையில் ஒட்டு ரகங்களும் வந்திருக்கின்றன. வயலில் என்னவோ தனியார் விதைதான் அதிகம்.

2018இல் இந்தக் காட்டுக்குப் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து ஆப்பிரிக்கா வழியாக வந்த பூச்சி அது. அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதலில் கண்டார்கள். அந்தப் பருவத்திலேயே தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. இதன் வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் இலையில் சன்னமான வெள்ளைச் சுரண்டல் தெரியும். ஒரு வாரம் கழித்து வரிசையாக ஓட்டை. குருத்தை விரித்தால் உள்ளே ஈர மரத்தூள் போல் எச்சம் அடைத்துக் கிடக்கும். அதைக் கிளறினால் தலையில் தலைகீழ் 'ஒய்' குறியோடு புழு. பகலில் அது வெளியே வராது. மேலோட்டமாக மருந்தடித்தால் புழுவைத் தொடவே தொடாது. குருத்துக்குள் மருந்து இறங்க வேண்டும். அதுவும் விதைத்த முதல் ஒரு மாதத்துக்குள். முதல் ஆண்டு இது எவருக்கும் தெரியாது. கடைக்காரர் கொடுத்ததை எல்லாம் அடித்தார்கள், செலவு ஏறியது, கதிர் தேறவில்லை. அரசு நிவாரணம் கொடுத்தது. அடுத்த ஆண்டுகளில் கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு, எள் என்று ஒழுங்கு வந்தது. புழு போய்விடவில்லை, அதோடு வாழப் பழகிவிட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகமும் துறை அலுவலர்களும் விவசாயிகளும் சேர்ந்து குறுகிய காலத்தில் சாதித்த காரியங்களில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காட்டுப்பன்றிக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. பால் பிடிக்கும் பருவத்தில் ஓர் இரவில் கூட்டமாக இறங்கி அரை ஏக்கரை மிதித்துவிட்டுப் போகும். காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அனுமதி வந்தது. விளாத்திகுளம் பக்கம் இரவுக் காவல் இன்னும் நிற்கவில்லை.

இவ்வளவும் தாண்டி வந்த கதிரை ஒடித்து அம்பாரம் போட்டு, டிராக்டரில் மாட்டிய மிஷினில் அடிக்கிறார்கள். மணி கொட்டுகிறது. 18, 20 சதவீத ஈரத்தில் இருக்கும் மணியை 14க்குக் கொண்டுவர வேண்டும். ஊர்ப் பக்கத்துச் சாலையில் ஒரு பாதியை அடைத்துக் கிலோமீட்டர் கணக்கில் பரப்புகிறார்கள். ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். பெண்கள் காலாலேயே கோடு கோடாகக் கிளறி விட்டுக்கொண்டு நடப்பார்கள். இரவில் இருசக்கர வண்டிகள் அந்த மணியில் சறுக்கி விழுவதும், பரப்பியவருக்கும் விழுந்தவருக்கும் சண்டை வருவதும் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. உலர்களம் கட்டித் தந்த ஊர்கள் உண்டு. ஒரு களத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து குடும்பம் காயப்போடலாம். ஊரே ஒரே வாரத்தில் ஒடிக்கிறது.

காயாத மணியின் ஆபத்து நெல்லைவிட இங்கே அதிகம். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நச்சு உண்டாகும். கோழியின் ஈரலைத் தாக்கும், முட்டை குறையும். தீவனத்தில் நூறு கோடிப் பங்குக்கு 20 பங்குதான் இந்த நச்சுக்கு வரம்பு. தீவன ஆலை வாசலில் லாரிக்குள் குத்தூசி விட்டு எடுக்கும் ஒரு பிடி மணி இந்தச் சோதனையில் தோற்றால் லோடு முழுக்கத் திரும்பும். அந்த ஆபத்தை மனதில் வைத்துத்தான் வியாபாரி சாலையோரத்தில் நின்று விலை சொல்கிறார். ஈரமாக இருக்கும் மணியோடு மேகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயி, சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார்.

கோழி தின்பதும் வண்டி குடிப்பதும்

நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது. ஒரு முட்டைக்கோழி நாளுக்கு 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதி மக்காச்சோளம். ஐந்து கோடிக் கோழி என்று குறைத்து வைத்தாலே நாளுக்கு 2,750 டன், ஆண்டுக்கு 10 லட்சம் டன். பல்லடம், உடுமலைக் கறிக்கோழிப் பண்ணைகள் தனி. தமிழ்நாட்டுக் காட்டில் விளைவது இதற்குப் போதாது. கர்நாடகத்தின் தாவணகெரே, ஹாவேரியில் இருந்தும் ஆந்திரத்தில் இருந்தும் வருகிறது. பீகாரின் பூர்ணியாவில் இருக்கும் குலாப்பாக் சந்தையில் இருந்து சரக்கு ரயிலில் வருகிறது. கோசி ஆற்றுப் படுகையில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துச் சித்திரையில் ஒடிக்கும் குளிர்கால மக்காச்சோளம் அது. அங்கும் நெடுஞ்சாலையில்தான் காயவைக்கிறார்கள். பெரம்பலூர்க்காரரின் விலையைத் தாவணகெரேயும் பூர்ணியாவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

2023க்குப் பிறகு இன்னொரு வாய் திறந்தது: எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்ற இலக்கு நெருங்கியபோது, 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எரிசாராய ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கரும்புச் சாறுக்குக் கட்டுப்பாடு வந்தது. மிச்சமிருந்தது மக்காச்சோளம். அதில் எடுக்கும் எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று விலை உயர்த்தினார்கள். ஒரு டன் சோளத்தில் 380 லிட்டர் வரை எத்தனால் கிடைக்கும். பல ஆண்டுகளாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் இறக்குமதி செய்தது. கோழிப்பண்ணையாளர்கள் தீவன விலை தாங்கவில்லை என்று குரல் எழுப்பினார்கள். விவசாயிகளுக்கு நல்ல விலை. நாடெங்கும் பரப்பு கூடியது. 2023-24இல் 3.77 கோடி டன்னாக இருந்த இந்திய மக்காச்சோள உற்பத்தி, 2024-25இல் 4.34 கோடி டன்னாக எகிறியது.

அதே ஆண்டு நாட்டின் அரிசி உற்பத்தி 15 கோடி டன்னைத் தொட்டது. அந்த ஏற்றத்தில் அரசு கொள்முதல் பலமாக இருக்கும் மாநிலங்களுக்கும் பங்குண்டு. தெலங்கானா 2024 கரீப் பருவத்தில் மட்டும் 66 லட்சம் ஏக்கருக்கு மேல் நட்டு 153 லட்சம் டன் நெல் எடுத்ததாக அந்த மாநில அரசு அறிவித்தது. சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 500 ரூபாய் போனஸ் வேறு. பஞ்சாப் நிலத்தடி நீரை உறிஞ்சி நடும் சுமார் 32 லட்சம் ஹெக்டேரைக் குறைக்க முடியாமல் திணறுகிறது. 2025இல் பதிண்டா, சங்ரூர், ஜலந்தர் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில், நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறினால் ஹெக்டேருக்கு 17,500 ரூபாய் தருவதாகச் சொல்லி 12,000 ஹெக்டேருக்கு இலக்கு வைத்தார்கள். 32 லட்சத்தில் 12,000. நெல்லுக்கு இருக்கும் உறுதியான விலையும் உறுதியான ஆளும் சோளத்துக்கு இல்லாதவரை எந்தப் பஞ்சாபியும் மாற மாட்டார். மாறச் சொல்வதும் நியாயமில்லை.

உணவுக் கழகக் கிடங்குகளில் அரிசி வழிந்தது. அதை என்ன செய்வது? 2025இல் எரிசாராய ஆலைகளுக்கு மலிவு விலையில் கொடுத்தார்கள். கிலோ 22 ரூபாய் 50 காசு. 52 லட்சம் டன் ஒதுக்கீடு. ஒரு குவிண்டால் நெல்லை அரைத்தால் 67 கிலோ பச்சரிசி கொடுக்க வேண்டும் என்பது அரசு விதி. 2024-25இல் நெல்லின் ஆதரவு விலை 2,300 ரூபாய். அரிசியாக்கிப் பார்த்தால் வாங்கிய நெல்லின் விலை மட்டுமே கிலோவுக்கு 34 ரூபாய் ஆகிறது. அரைவைக் கூலி, சாக்கு, லாரி, கிடங்கு வாடகை எதுவும் சேர்க்காமல். 34 ரூபாய்க்கு வாங்கியதை 22.50க்குக் கொடுக்கும்போது ஆலை எதற்குச் சோளம் வாங்கப் போகிறது? போதாததற்கு, எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் உலர் சக்கை கோழித் தீவனத்துக்கு வந்து சேர்ந்தது. சோளத்துக்கு இரண்டு பக்கமும் இடம் குறைந்தது.

2025-26க்கு மக்காச்சோளத்தின் ஆதரவு விலை 2,400 ரூபாய். பொது ரக நெல்லின் 2,369ஐவிட அதிகம். காகிதத்தில் சோளம் நெல்லை முந்திவிட்டது. ஆனால் அந்த நவம்பரில் கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விலை 2,000 ரூபாய்க்கும் கீழே. முதலமைச்சர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எரிசாராய ஆலைகள் ஆதரவு விலைக்கு வாங்க வேண்டும் என்று மாநில அரசு கேட்டது. ஆதரவு விலை அறிவித்த அரசு வாங்குவதற்கு ஆள் அனுப்பவில்லை. நெல் விளைச்சல் கூடக்கூட, அதன் மிச்சம் மானிய விலையில் சோளத்தின் சந்தைக்குள் வந்து விழுகிறது. தஞ்சாவூர்க்காரர் ஈரத்தால் அடிபடுகிறார். பெரம்பலூர்க்காரர் தெலங்கானாவின் நெல்லால் அடிபடுகிறார், அதை அவர் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை.

உமியில் எரியும் அடுப்பு

விலைக் கொள்கை டெல்லியில் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். உலர்த்துவது நம் கையில் இருக்கிறது.

குறுவைக்கு இருக்கும் அதே சங்கடம் வியட்நாமின் மேகாங் டெல்டாவுக்கும் இருந்தது. அங்கும் ஒரு போகம் மழைக்காலத்தில் அறுவடைக்கு வரும். 1980களின் தொடக்கத்தில் சோக் ட்ராங் மாகாணத்தில் ஹோ சி மின் நகரின் வேளாண் பல்கலைக்கழகத்தார் தட்டுப்படுக்கை உலர்த்தி ஒன்றை நிறுவினார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. செங்கல் சுவர் வைத்த பெரிய தொட்டி. தரைக்குப் பதில் ஓட்டை போட்ட தகடு. அதன்மேல் ஓரடி உயரத்துக்கு நெல். பக்கத்தில் உமி எரியும் அடுப்பு. அந்தச் சூட்டை ஒரு விசிறி தகட்டுக்கு அடியில் தள்ளும். கை பொறுக்கும் சூடுதான்; அதற்கு மேல் போனால் மணி வெடிக்கும். நான்கு முதல் எட்டு டன் நெல் ஓர் இரவுக்குள் காய்ந்துவிடும். இன்று அந்த டெல்டாவில் இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உள்ளூர்ப் பட்டறைகளே செய்து கொடுக்கின்றன. வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் எட்டாதது எது? நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. டெல்டாவின் ஆலைகளில் அது மலையாகக் குவிகிறது. விசிறியும் தகடும் கும்பகோணம் பட்டறைகளில் செய்யக்கூடியவை. ஐப்பசியில் குறுவைக்கு ஓடும் உலர்த்தி தையில் சம்பாவுக்கு ஓடும். படுக்கையைக் கொஞ்சம் மாற்றினால் மாசியில் மக்காச்சோளத்துக்கும் ஓடும். ஒரு கொள்முதல் நிலையத்துக்கு இரண்டு உலர்த்தி இருந்தால் 22 சதவீத நெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எடைக் கழிவையும் உலர்த்தும் கூலியையும் ரசீதில் எழுதி, மீதிக்குப் பணம் போடலாம். இதுவரை ஒவ்வொரு மழைக்கும் நிவாரணமாகக் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய செலவு என்பது நிதித்துறைக்குத் தெரியாமலிருக்காது. நடமாடும் உலர்த்திகளைப் பற்றி ஒவ்வொரு அக்டோபரிலும் பேசுகிறோம். உலர்த்திக்கு ஆர்டர் போட வேண்டிய மாதம் ஏப்ரல். அடுப்பு ஏறிச் சோதனை ஓட்டம் முடிய வேண்டிய மாதம் ஆகஸ்ட்.

மக்காச்சோளத்துக்கு இதன் பலன் இன்னும் நேரடியானது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் என்று ஒரு திட்டம் நெடுநாளாக இருக்கிறது. விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு, 180 நாள் வரை நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். மாசியில் விலை விழுந்தாலும் ஆடியில் ஏறும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆனால் 18 சதவீத ஈரத்தில் இருக்கும் சோளத்தை எந்தக் கிடங்கும் ஏற்காது. ஏற்றாலும் பத்தாம் நாள் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த மணி வைத்திருப்பவருக்குத்தான் காத்திருக்கும் உரிமை. வேப்பந்தட்டையிலும் தலைவாசலிலும் விளாத்திகுளத்திலும் விற்பனைக்கூட வளாகத்துக்குள்ளேயே உலர்த்தி, ஈரப்பதச் சோதனை, பூஞ்சை நச்சுச் சோதனை மூன்றும் இருந்தால், மணியோடு வரும் விவசாயி அன்றே விற்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் கடன் ரசீதோடு வீட்டுக்குப் போகலாம். நாமக்கல் தீவன ஆலைக்கும் சோதித்த சரக்கு ஒரே இடத்தில் கிடைக்கும். பூர்ணியாவில் இருந்து ரயில் கட்டணம் கொடுத்து வாங்கும் தேவை அந்த அளவுக்குக் குறையும்.

தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை தனியாகவே தாக்கல் செய்யப்படுகிறது. குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் விதைக்கும் உரத்துக்கும் இயந்திர நடவுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பட்டியலில் உலர்த்தும் கூலிக்கு ஒரு வரி வேண்டும். மானாவாரி மாவட்டங்களின் மக்காச்சோளத்துக்கும் அதே வரி வேண்டும். டெல்டாவில் எந்தெந்த நிலையத்துக்கு எத்தனை ஏக்கரின் நெல் எந்த வாரத்தில் வரும் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலேயே இருக்கிறது. அதை வைத்து ஜூலையிலேயே நிலையங்களையும் லாரிகளையும் ஆலைகளையும் உலர்த்திகளையும் பங்கிட்டு, வாரவாரியான அட்டவணையை ஊர்ப் பலகையில் ஒட்டிவிட முடியும்.